ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

6-9-71, திங்கள்

காலையில் தூறல். குடை இன்னும் ரிப்பேர். மூன்றாவது நாளாக இவர் "நாளைக்கு" என்கிறார். சிட்லபாக்கத்திலிருந்து ஸ்டேஷன் வரை நனைந்தே நடை.

தாம்பரம் பள்ளிக்குள் நுழைந்ததும் ஒரு வகுப்பு முழுவதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. போன மாதம் அம்மை ஊசி போட வந்தவளும் என்னைப் போலவே குண்டாம், கண்ணாடியாம். நான் ஊசிக்காரி இல்லை, பிள்ளைகளின் மனசைப் பார்க்கிறவள் என்றேன். "அது ஊசியவிட வலிக்குமா மிஸ்?" என்றது ஒன்று.

தலைமை ஆசிரியை ஒரு பெயரை நீட்டினார். வள்ளி, மூன்றாம் வகுப்பு. படிப்பு ஏறவில்லை, வகுப்பில் தூங்குகிறாள். "நீங்க ஒரு டெஸ்ட் வச்சுக் கையெழுத்துப் போட்டுட்டா மந்தப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு எழுதிடலாம், கிரேஸ்."

அந்தப் பள்ளி பட்டணத்துக்குள் இருக்கிறது. வள்ளியின் அம்மா கன்னியம்மா மீன் விற்பவள், தனி ஆள். கொண்டுபோய் விட யாருமில்லை. என் கையெழுத்து விழுந்தால் அந்தப் பெண்ணின் படிப்பு அன்றோடு சரி.

வாங்க: காபிப் பொடி, பென்சில், தைலம்.

7-9, செவ்வாய்

வள்ளிக்குச் சோதனை. குச்சி உடம்பு. கை மட்டும் அளவுக்கு மீறிய நீளம்.

"ஸ்கூலுக்குக் கிளம்பறப்போ மழை வந்தா என்ன பண்ணுவே?"

"வர மாட்டேன் மிஸ்."

சரியான விடை, புத்தகத்தின்படி: குடை எடுத்துக்கொள்வேன். ஈரப் புடவையோடு உட்கார்ந்து அவளுக்குப் பூஜ்யம் போட்டேன். எனக்கே வெட்கம்.

"மீனுக்கும் காக்காவுக்கும் என்ன வித்தியாசம்?"

"காக்காவ யாரும் வாங்க மாட்டாங்க."

அதற்கும் பூஜ்யம்.

மனவயது 5 வரு. 4 மா. பதிவேட்டு வயது 7 வரு. 3 மா. வகுத்து நூறால் பெருக்கினால் ஐ.க்யூ. 74. சாதாரணத்துக்குக் கீழே. என் கணக்கை வீட்டில் யாரும் நம்புவதில்லை என்பதால் மறுபடியும் போட்டேன். 74தான்.

அறிக்கை எழுதவில்லை. தலைவலி என்று சொல்லி வந்துவிட்டேன். பாதி உண்மை.

9-9, வியாழன்

நல்ல வெயில். மதியச் சாப்பாட்டு நேரம். வள்ளி தானாக வந்து வாயைத் திறந்தாள். "மிஸ், பல்லு ஆடுது." கீழ்ப்பல் ஒன்றை நாக்கால் தள்ளிக் காட்டினாள். மற்றவை அரிசி கோத்த மாதிரி அப்படியே. பக்கத்தில் நின்ற அவள் வகுப்புப் பிள்ளைகள் அத்தனைக்கும் முன்வாசல் திறந்து கிடந்தது.

"இதான் மொதல் பல்லா?"

"ஆமா மிஸ்."

ஏழேகால் வயதில் முதல் பல்லா?

பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். வள்ளி பிறந்தது ஜூன் ஒன்று. அடுத்தவனும் ஜூன் ஒன்று. அதற்கடுத்தவளும். வகுப்பில் பாதிக்கு மேல் ஜூன் ஒன்று. தாம்பரத்தில் மற்ற மாதங்களில் பிள்ளை பிறப்பதில்லை போலும்.

பிறந்த தேதி இல்லாமல் வரும் பிள்ளையை, வலக் கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கும் மாதம் பிறந்த மாதம். ஊருக்கே தெரிந்த வழக்கம். அந்தத் தேதியை வைத்து இத்தனை வருடம் தசமப் புள்ளி வரை கணக்குப் போட்ட மேதை நான்.

நீளக் கை உள்ள பிள்ளை என்ன செய்யும்? சீக்கிரமே தொட்டுவிடும்.

10-9, வெள்ளி

குரோம்பேட்டை, கன்னியம்மா கூடை இறக்கும் தெருமுனை. வெள்ளிக்கிழமை என்பதால் மீன் வாங்கக் கூட்டமில்லை. என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்; குண்டு, கண்ணாடி என்று வள்ளி சொல்லியிருப்பாள்.

"இன்னா டாக்டரம்மா, மீனுக்கா, புள்ளயப் பத்திக் கேக்கவா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்போ மொதல்ல மீன வாங்கு."

வாங்கினேன். பிறகு வயதைக் கேட்டேன். ஈரத்துணியால் ஈ ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாலு கூட ஆவல அப்போ. விடியறதுக்குள்ள கோவளம் போயி மீனு எடுக்கணும். வந்தா தெருத்தெருவா சுத்தணும். எங்க வுட்டுட்டுப் போறது? ஒரு மாசம் டெய்லி கையில எண்ணெ தடவி இஸ்து இஸ்து வுட்டேன். ஸ்கூல்ல பின்னால நின்னுகினு மொழங்கைய லேசா தள்னேன். தொட்டுட்ச்சி."

"பொறந்த சீட்டு இருக்கா?"

"கீது. குட்தா போலீஸ்ல சொல்லுவியா?"

"குடுக்கலேன்னா உன் பொண்ணுக்குப் புத்தி மந்தம்னு எழுதணும்."

"அதுக்கா மந்தம்? எது நேத்து மீனுன்னு எனுக்கே அதுதான் சொல்லும்."

மாலையில் ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டுக்கு வந்தது. நாலாய் மடித்து, மஞ்சள் தடவி, பிளாஸ்டிக் உறையில். பிறந்தது செப்டம்பர் 65. இந்த வாரம்தான் ஆறு முடிகிறது. திரும்ப வகுத்தேன். 89. சாதாரணம். ஊரில் பாதிப் பேர் அங்கேதான், நானும் பக்கத்தில் எங்கேயோ.

இவர் மீன் குழம்பை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, "இதுவும் உன் ஆபீஸ் வேலையா?" என்றார். ஆமாம் என்றேன்.

13-9, திங்கள்

சீட்டைத் தலைமை ஆசிரியை மேஜையில் வைத்தேன். பொய் வயது சொன்னாள் என்று பெயரையே அடித்துவிட்டால்? இரண்டு தரம் படித்தார். சன்னலைப் பார்த்தார்.

"முழங்கையைத் தள்ளினதை நான் பார்த்தேன், கிரேஸ். பார்க்காத மாதிரி இருந்துட்டேன். திருப்பி அனுப்பினா அந்தப் பிள்ளை கூடைக்குப் பக்கத்துலயேதான் வளரும். அப்புறம் நானே மறந்துட்டேன். மறந்துட்டு, மந்தம்னேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் துடைத்தேன். என்னுடையது சுத்தமாகத்தான் இருந்தது.

முடிவு: பெயர் இருக்கும். தேதியைத் திருத்த மனு, நான் எழுதுவது. இரண்டாம் வகுப்புக்கு மாற்றம், இன்றே.

நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"நான் ஃபெயிலா மிஸ்?"

"இல்லடி கண்ணு. நீ ஸ்கூலுக்குச் சீக்கிரம் வந்துட்டே. அவ்வளவுதான்."

உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்போ இதுங்கள்லாம் லேட்டா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் கையை விட்டுவிட்டு, நேராகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.