அறுபத்தொன்றாம் பக்கம்

மார்ச் 3
இன்று விமான நிலையத்தில் நான் முறுக்கு ரொட்டி விற்கும் ப்ரெட்ஸல் கடைக்கு வந்த ஒருவர், மெரிவெதர் விமானம் எங்கே நிற்கிறது என்று கேட்டார். கை காட்டினேன். வாய் திறக்கவில்லை, வழக்கம்தான். விமானத்தின் மேல் மெரிவெதர் என்று ஆளுயர எழுத்தில் இருக்கும். கதவருகே குனிந்து பார்த்தால், 'இயக்குவது: ப்ளூ ஹெரன்' என்று எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும்; மெரிவெதர் பெயரில் சிறிய விமானங்களை ஓட்டித் தரும் வெளி நிறுவனம். பெரிய எழுத்தில் அப்பா கேப்டன். எறும்பில் மார்லா அக்கா கோ-பைலட். சாயம் ஒன்று, டிக்கெட் ஒன்று. வாழ்க்கை மட்டும் வேறு வேறு.

மார்ச் 8
சாப்பாட்டு மேஜை முழுக்க அப்பாவின் புது ஒப்பந்தம். சில்லி ஸ்பாகெட்டித் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மெரிவெதர் விமானிகள் எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும். சம்பளம் ஏறும். பதிலுக்கு, இன்னும் நாற்பது சிறிய விமானங்களை மெரிவெதர் வெளியே கொடுத்து ஓட்டிக்கொள்ளும்.

"நாம ஓட்ட வேண்டியத வெளில தூக்கிக் குடுக்க நானே ஓட்டுப் போடணுமா? முடியாது" என்றார் அப்பா.

"வெளில யாருப்பா? நாங்கதான். ஆறு வருஷமா வலது சீட்டத் தேச்சிட்டிருக்கேன். நாப்பது வந்தா அடுத்த வருஷம் நான் கேப்டன்" என்றாள் அக்கா.

"அப்ப எங்க கம்பெனிக்கு எப்ப வருவே?"

"நீங்க ஆள் எடுத்தாத்தானே வர!"

அப்பா ஸ்பாகெட்டியிடம் யோசனை கேட்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10
வீட்டில் யாரும் இல்லை. ஒப்பந்தத்தின் அறுபத்தொன்றாம் பக்கத்தைப் படித்தேன். நாற்பதும் 'வெளி நிறுவனங்களுக்கு' என்று இருக்கிறது. ப்ளூ ஹெரன் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. மூன்று முறை தேடினேன். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள். நான் பத்தாவதோடு நின்று ப்ரெட்ஸல் முறுக்குகிறவள்.

மார்ச் 12
கேட்கவில்லை.

மார்ச் 15
கேட்டே விடுவது என்று சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். "அக்கா, அந்த அறுபத்தொண்ணாம் பக்கத்துல—"

"அடடா, வாயில்லாப் பூச்சி பேசுது! எல்லாரும் அமைதி! சொல்லுடி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சீஸ் வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20
அப்பாவால் முந்நூறு பேரைப் புயலில் இறக்க முடியும். ஓட்டுப் போடக் கணினியில் கடவுச்சொல் மட்டும் அடிக்க முடியாது. "கொரீன், நீ அமுக்கு."

"எதப்பா?"

"சம்மதங்கறத. அக்காவுக்காக."

அமுக்கினேன். நல்ல பெண்.

ஏப்ரல் 2
ஒப்பந்தம் நிறைவேறியது. அக்கா கேக் வாங்கி வந்தாள், மேலே சாக்லேட்டில் நான்கு பட்டை. கேப்டன் பட்டையாம். நான் இரண்டு துண்டு தின்றேன். குற்ற உணர்ச்சிக்கு நல்ல பசி.

ஜூன் 18
நாற்பதும் டெக்சாஸில் ஒரு நிறுவனத்துக்குப் போகின்றன. அங்கே ஆள் மலிவாம். துணைக்கு ப்ளூ ஹெரன் ஓட்டும் விமானங்களும் போகின்றன. ப்ளூ ஹெரனையே மூடுகிறார்கள்.

"எனக்குத் தோணவே இல்லையே" என்று அப்பா மூன்று முறை சொன்னார்.

எனக்குத் தோணிச்சேப்பா. தோணி என்ன பண்ண? சீஸ் வேணுமான்னு கேட்டேன் — சீஸ்!

ஜூன் 19
அக்காவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "படிச்சியா நீ?" என்றாள். "நான் அந்தப் பக்கத்தத் திருப்பவே இல்லடி." அது இன்னும் வலித்தது.

ஆகஸ்ட் 30
கடைக்கு எதிரே ஏணி போட்டு, கதவருகே இருந்த எறும்பைச் சுரண்டினார்கள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய எழுத்தை யாரும் தொடவில்லை. பயணிகள் ப்ரெட்ஸல் தின்றுகொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 6
டெக்சாஸ்காரர்கள் அக்காவை எடுத்துக்கொள்கிறார்களாம். பெரிய மனசு! அதே விமானம், அதே வலது சீட். சீனியாரிட்டிப் பட்டியலில் மட்டும் கடைசிப் பெயர். ஆறு வருடம் ஆவியாகிவிட்டது.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் அக்கா கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள். அப்பா மேஜையின் அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தின் மேல் கையை வைத்தேன். என் கைதானா அது?

"இரு. படிச்சிட்டுப் போடு."

கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். நான்காம் பக்கத்தில், ஐந்து வருடத்துக்கு வேறு எந்த நிறுவனத்துக்கும் போகக் கூடாது என்று இருந்தது. மெரிவெதருக்கும்தான்.

அப்பா நிமிர்ந்தார். "அத இன்னொரு தடவ படிம்மா."

படித்தேன். அக்கா பேனாவை மூடி, என் பக்கம் உருட்டிவிட்டாள்.

அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன்.