உடையறையில் மூன்றாவது இருக்கை

மார்ச் 4
மேஸ்திரி ஹாஸ்கெல் உடையறைக்கு அளவெடுத்துவிட்டுப் போனார். உள்ளே நடமாடும் அளவுக்குப் பெரிய அறை. கல்யாணமானதிலிருந்து நான் கேட்டது. நீளக் கவுன்களுக்கு ஒரு பக்கம், என் புருஷன் வெர்னின் சட்டைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு கம்பி, செருப்புத் தட்டுகளில் விளக்கு, நடுவே நகை இழுப்பறை. ஓக்லஹோமா என்பதால் சுவர் கான்கிரீட், கதவு இரும்பு. சூறாவளிச் சங்கு ஊதினால் ஓடி ஒளிய வேறு இடம் ஏது? கதவின் உள்பக்கம் ஆளுயரக் கண்ணாடி வைக்கலாம் என்றேன். “ஒடஞ்சா மூஞ்சியில பாயும், டீனா” என்றான் வெர்ன். சரி, அது படுக்கையறையிலேயே இருக்கட்டும்.

மார்ச் 11
வரைபடத்தில், சூறாவளி ஓயும்வரை உட்கார ஒரு பெஞ்ச், மூன்று பேருக்கு. வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தானே? குறைத்தால் என் பூட்ஸுக்கு ஒரு தட்டு கிடைக்கும். கேட்டேன். “யாராச்சும் வருவாங்க” என்றான்.
யாராச்சும்னா யாரு?

மார்ச் 19
கதவோரம் தாழ்வாக ஒரு கொக்கி. எதற்கு என்று ஹாஸ்கெலைக் கேட்டேன். “நாய்ச் சங்கிலி மாட்டத்தாம்மா. சார்தான் சொன்னாரு.”
எங்கள் வீட்டில் நாயே கிடையாது!

மார்ச் 27
கராஜில் புதுத் தலைக்கவசங்கள், சூறாவளிக்குப் போட. ஒன்று ஊதா நிறம். என் தலைக்கு நுழையவே இல்லை. சின்னத் தலைக்காரி, நாய் வைத்திருப்பவள் — இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். வயிறு எரிகிறது.

மார்ச் 28
நேராகவே கேட்டேன். ட்ரூடிதான். என் புருஷனுடைய முதல் பொண்டாட்டி!
“அவ இருக்கிறது ட்ரெய்லர் வீட்டுல. பெருங்காத்து அடிச்சா தகர டப்பா மாதிரி உருண்டுடும்.”
“ஏன், அவளுக்கு வேற நாதியில்லையா?”
“இல்ல, டீனா.”
இவ்வளவு பட்டென்று சொல்கிறவன் இத்தனை நாள் ஏன் மறைத்தான்? கராஜ் கதவைத் திறக்க அமுக்கும் ரகசிய நம்பரை வேறு கொடுத்துவிட்டானாம். அப்படியென்றால் நான் இல்லாதபோதும் அவள் வந்து போகலாம், இல்லையா? சூறாவளி ஒரு சாக்கு. யார் காதில் பூ சுற்றுகிறான்?

ஏப்ரல் 22
அறை முடிந்தது. விளக்கைப் போட்டால் கடை மாதிரி மினுங்குகிறது. கவுன்களை நிறவாரியாக மாட்டினேன். சந்தோஷம்தான் வரவில்லை. அந்தப் பெஞ்சைப் பார்த்தாலே அவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறது.

ஏப்ரல் 23
கராஜ் நம்பரை மாற்றிவிட்டேன். வெர்ன் எப்போதும் முன்வாசல் சாவியில்தான் வருவான். அவனுக்குத் தெரியப்போவதில்லை.

மே 7
மத்தியானம் சங்கு ஊதியதும் இருவரும் உடையறைக்குள் ஓடினோம். “சாத்தாத, ட்ரூடி வந்துடுவா” என்றான் வெர்ன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, நம்பர்!
ஓடிப்போய்க் கராஜ் கதவைத் திறந்தேன். ஆலங்கட்டி மழை. நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெற்றியில் ரத்தத்தோடு, அவள் கதவோர நம்பர்ப் பொத்தான்களை அமுக்கிக்கொண்டே நிற்கிறாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.
“ஏன் இவ்ளோ நேரம்?” என்று கத்தினான் வெர்ன்.
“நம்பரு மறந்துபோச்சுப்பா. வயசாகுதுல்ல” என்றாள் அவள்.
வெளியே ரயில் ஓடுகிற மாதிரிச் சத்தம். என் கவுன்களுக்கு அடியில் மூவரும் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

மே 8
எங்களுக்குக் கூரை கொஞ்சம் போனதோடு சரி. ட்ரூடியின் ட்ரெய்லர் இருந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மாற்றுத் துணிகூட இல்லை அவளுக்கு. உடையறைக்குக் கூட்டிப்போய், “எது வேணுமோ எடுத்துக்க” என்றேன். நான் ஒரு தடவைகூடப் போடாத பச்சைக் கவுனை எடுத்தாள். அது அவளுக்கு எடுப்பாக வேறு இருந்து தொலைத்தது.
“ட்ரூடி, நம்பரை நீ மறக்கல. நான்தான் மாத்தினேன்.”
பொத்தானைப் போட்டுக்கொண்டே, “தெரியும்” என்றாள்.