பூட்டுக்குள் ஒடிந்த முனை

12.10.2025, ஞாயிறு

மாலை கடற்கரை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பித்தளைப் பூட்டை வளைந்த கம்பியால் மூன்று நிமிடத்தில் திறந்தேன். உள்ளே, சாவி தூக்கிவிடுகிற சின்னப் பின்கள் ஐந்து. நான்காவது எப்போதும் அடம்பிடிக்கும். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த குடும்பம் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தது. போகட்டும். வீட்டுக்குள் எவனும் திறப்பான். நாலு பேர் பார்க்கும்போது கை நடுங்காமல் திறக்க வேண்டும்.

அம்மா கல்லறைக்கு அண்ணன் போட்டிருப்பதும் இதே ரகப் பூட்டு. கல்லறைத் திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கிறது.

14.10, செவ்வாய்

கான்ஸ்டபிள் தெட்சிணாமூர்த்தி சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். புகார் வருகிறதாம். சொந்தப் பூட்டு, சொந்தக் கம்பி, பொழுதுபோக்கு, இதில் என்ன குற்றம் என்று கேட்டேன்.

"குற்றமில்ல சார். நாளைக்கு ஊர்ல எந்தப் பூட்டு கெட்டாலும் உங்க பேர்தான் வரும்."

இருபத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவனிடம் பேசுகிற பேச்சா இது?

16.10, வியாழன்

அம்மா கல்லறையைத் தம்பி கெடுத்துவிட்டான் என்று அண்ணன் மைக்கேல்ராஜ் இன்னமும் சொல்லித் திரிகிறான். நான் செய்தது என்ன? கல்லில் 'அன்பு மகன் மைக்கேல்ராஜ்' என்று மட்டும் வெட்டியிருந்தான். அம்மாவுக்கு ஒரே மகனா? போன வருடத் திருநாளன்று கறுப்பு எனாமலில் கீழே 'கிளாட்வின்' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். அவ்வளவுதான். மறு வாரமே சுற்றிலும் இரும்புக் கம்பி, கதவு, பூட்டு. சாவி கேட்டதற்கு, "பெயிண்ட் டப்பா இல்லாம வரச் சொல்லு" என்று தன் மகள் பெனிட்டாவிடம் சொல்லி அனுப்பினான்.

ஒரு வருடமாகக் கம்பிக்கு வெளியே நிற்கிறேன். இந்தத் திருநாளில் ஊர் பார்க்கத் திறந்து உள்ளே போவேன்.

25.10, சனி

முட்டாள். முட்டாள்.

மழை விட்ட நேரம், கல்லறைத் தோட்டத்தில் ஆளில்லை. ஒத்திகைதான் பார்க்கப் போனேன். உப்புக் காற்றில் பின்கள் இறுகிக் கிடந்தன. அழுத்தினேன். டக். ஆக்சா பிளேடைத் தேய்த்துச் செய்த கம்பியின் முனை ஒடிந்து, உள்ளே.

26.10, ஞாயிறு

இனி அண்ணன் சாவியும் நுழையாது.

27.10, திங்கள்

முனையை எடுக்கப் போனேன். தோட்டம் முழுக்க வெள்ளையடிக்கிற ஆட்கள். சாவியை யாரிடமும் தர மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டானாம். அவர்களில் கருப்பையன் எங்கள் கம்பிக்கு வெளியே நின்று சுண்ணாம்பு மட்டையை நீட்டி நீட்டி அடித்துக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுப் பூட்டுக்கு என் தோள்பட்டை போச்சுங்க" என்றார். மாலை வரை அவர் நகரவில்லை.

29.10, புதன்

மனைவி ஆக்சிலியாவிடம் சொன்னேன். "போய் உங்க அண்ணங்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். எந்த வாயால் சொல்வது?

காரைக்கால்மேட்டில் தூண்டில் முள் வாங்கி நிமிர்த்தினேன். நுனிக் கொக்கி ஒடிந்த துண்டைப் பிடித்து இழுக்கும். என் பூட்டில் ஒரு முனையை வேண்டுமென்றே ஒடித்துவிட்டுப் பழகினேன். பதினோரு முறையில் நான்கு முறை வந்தது.

2.11, ஞாயிறு

மாலை நான்கு மணி. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தபடி வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். மெழுகுவர்த்தி எரியாத கல்லறையை, ஆள் வராத கல்லறை என்று தாண்டிவிடுவார். அண்ணன் சாவியைச் செருகினான். நுழையவில்லை. ஊதினான், மறுபடி செருகினான். பெனிட்டா மெழுகுவர்த்திகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உப்புக் காத்துதான் என்றார் யாரோ.

பேசாமல் இருந்திருக்கலாம். அவனும் ஒரு நாள் வெளியே நிற்கட்டுமே. சாமியார் ஐந்து கல்லறை தள்ளி இருந்தார். அம்மாவைத் தாண்டிப் போவார்.

"உப்பில்லண்ணே. நான்தான். போன வாரம் திறக்கப் பாத்தேன், முனை ஒடிஞ்சி உள்ள கிடக்கு."

ஒரு வருடத்தில் முதல் முறையாக அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

"எடுக்கத் தெரியுமா?"

"பதினோரு தடவைக்கு நாலு தடவை வந்துச்சு."

"நூத்துக்கு முப்பத்தாறு மார்க். பாஸுதான் வாத்தியாரே, எடு."

தூண்டில் முள்ளை எடுத்துக்கொண்டு முட்டி போட்டேன். கை நடுங்கியது. இத்தனை நாள் கடற்கரையில் பழகியது எங்கே போனது? இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவதில், துருப்பிடித்த அந்தத் துணுக்கு என் உள்ளங்கையில் விழுந்தது. அண்ணன் சாவி போட்டுத் திறந்தான். பெனிட்டா உள்ளே ஓடினாள். நான் வெளியிலேயே நின்றேன்.

"வாடா. நெருப்புப் பெட்டி உங்கிட்டதான இருக்கு."

அவனிடமும் இருந்தது. சட்டைப் பையில் தெரிந்தது.

9.11, ஞாயிறு

பெனிட்டா ஒரு சாவி கொண்டுவந்தாள். "அப்பா குடுக்கச் சொன்னாங்க சித்தப்பா. பெயிண்ட்ட இன்னும் மறக்கலன்னும் சொல்லச் சொன்னாங்க." கல்லில் வெட்டியதை நானும் மறக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பூசை முடிந்து போனேன். சாவி சுலபமாகத் திரும்பியது, நான்காவது பின்னும் தகராறு செய்யவில்லை. கல்லில் உறைந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டினேன். வெளியே வந்து பூட்டிவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.