மண்ணெண்ணெயும் ஒரு சாக்பீஸும்

இன்று காலை எங்கள் வீட்டு அடுப்பில் நம் பொம்மை விமானத்தின் சைலன்சரைச் சுட்டேன். அலுமினியத்தின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் இத்தனை ஆண்டுகளாக ஊறிக் கிடந்த, எரிபொருளோடு கலக்கும் விளக்கெண்ணெய் முதலில் முத்து முத்தாகக் கசிந்தது. பிறகு கருகிப் புகையாகி, கூடத்தைத் தாண்டி மாடிப்படி வரை போயிற்று. முன்பெல்லாம் இந்த நாற்றம் கிளம்பினால் என் மனைவி நம் இருவரையும் சேர்த்துத் திட்டுவாள். "ரெண்டு பேரும் இன்னா, பலகாரமா சுடறீங்க?" என்பாள். "ஆமாம்மா, ஒரு தட்டு எடுத்தா" என்று நீ வாசலிலிருந்தே குரல் கொடுப்பாய். இன்று அவள் கூடத்துக்கு வந்தாள். சன்னல்களைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

எண்ணெய் முழுவதும் எரிந்து தீராமல் அலுமினியத்தில் வெல்டிங் பிடிக்காது. அதனால் புகை அடங்கும்வரை அடுப்பருகே நின்றேன். நீ போய் ஏழு மாதங்களாகின்றன. ஏழு மாதங்களும் இந்தச் சைலன்சர், நீ சுற்றிக் கொடுத்த அதே துணியில், என் பையில் கிடந்தது.

இன்ஜின் முதலில் நம்முடையதல்ல, ஒரு சொல்தாவுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை நம் ஊர் அப்படித்தானே அழைக்கிறது. அவர் காலமான பின் வீட்டைக் காலி செய்தபோது, பழைய சாமான்களோடு போகவிருந்த அந்தப் பொம்மை விமான இன்ஜினை நீ கேட்டு வாங்கி வந்தாய். உள்ளங்கையில் அடங்கும் இன்ஜின். அதன் விலாவில் விரல் நீளத்துக்கு ஓர் அலுமினிய சைலன்சர். அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு காதுகள். செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. மாற்று கிடையாது. உடைந்தால் சரிசெய்துதான் ஆகவேண்டும்.

பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவில் பால்சா மரத்தில் சிறகு செதுக்கக் கற்றவர்களில், அதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் நாம் இருவர்தான். நான் பல்கலைக்கழகம் போய் இயந்திரவியல் படித்தேன். மில்லில் உன் அப்பாவுக்கு வேலை போன வருடம், நீ ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பில் சேர்ந்தாய். உலோகங்கள் ஏன் களைத்து முறிகின்றன என்று லாஸ்பேட்டைக் கல்லூரியின் கரும்பலகையில் நான் வரைந்துகொண்டிருந்தேன். தொழிற்பேட்டையில் அவை முறியாமல் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைச்சாவடிக்கு அப்பால், விற்காமல் கிடந்த ஒரு மனைப்பிரிவின் தார்ச்சாலை நமக்கு ஓடுபாதையாயிற்று.

அங்கேதான் ஒருமுறை உன்னை ஏமாற்றினேன். சைலன்சரின் காதில் விரிசல் விட்டிருந்தது. உனக்கு அந்த வாரம் ஷிஃப்ட். பறக்கவிடும் ஆசையில், இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து நானே பூசி, தேய்த்து, மேலே வெள்ளி பெயிண்டும் அடித்தேன். ஞாயிறன்று நீ அதை விரலால் தடவிப் பார்த்தாய்.

"இன்னாடா, கல்யாண மாப்பிள்ள மாதிரி பளபளன்னு கீது?"

"தொடச்சேன்டா."

மூன்றாவது சுற்றில் இன்ஜினின் குரல் திடீரென்று மாறி அலறியது. கழன்று விழுந்த சைலன்சர், பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கிடையே களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளிப் புதைந்தது. எடுக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டு, "எவன்டா அவன், வானத்துலருந்து கொள்ளிக்கட்ட போடறவன்?" என்று அவர் கத்தினார். நீ ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாய். திரும்பி வந்து என்னிடம் குரலே உயர்த்தாமல் சொன்னாய்:

"விரிசல் வந்தா தப்பில்லடா. மறைச்ச பாரு, அதான் தப்பு. அந்தம்மா தலையில விழுந்திருந்தா இன்னா சொல்லியிருப்ப? எனக்குத் தெரியாதுன்னா?"

அதன்பின் நம்மிடையே ஒரு வழக்கம் நிலைத்தது. பறக்கவிடுமுன் சைலன்சரை மண்ணெண்ணெயில் தோய்த்து, துடைத்து, அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தூவுவாய். விரிசல் இருந்தால், உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்பொடியில் ஈர மயிரிழையாய்த் தெரியும். மண்ணெண்ணெய் உன் பொறுப்பு. சாக்பீஸ் என் பொறுப்பு. "வாத்தியாரே, சாக்பீஸ் கொண்டாந்தியா, இல்ல வெறும் பாடத்த மட்டும் கொண்டாந்தியா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாய். கல்லூரியில் வெள்ளைப் பலகை வந்த பிறகும் பொருட்கள் அறையில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

அந்தக் கடைசி ஞாயிறும் பொடி தூவினாய். இடது காதின் அடியில் மயிரிழை தெரிந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சைலன்சரைக் கழற்றித் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாய். அப்புறம்தான் அதைச் சொன்னாய்.

"எங்க ப்ளோயரு பிராக்கெட்லயும் இதே மாரி ஒண்ணு கீதுடா."

ஆலையின் கூரையிலிருந்து தொங்கிய அந்தப் பெரிய காற்றாடி ஆட்டம் கண்டிருந்தது. அதைத் தாங்கிய இரும்புக் கையில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்து மேலாளரிடம் சொல்லியிருந்தாய். அதற்குள் வெளிநாட்டிலிருந்து கொள்முதல்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று ஆலை முழுவதும் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

"வெள்ளி பெயிண்டு. இப்ப மண்ணெண்ணெ எறங்காது. சொரண்டித்தான் பாக்கணும்."

"எழுதிக் குடுத்தியா?"

"வாயால சொன்னேன். எழுத்துல குடுன்றான். தமிழ்ல குடுத்தா ஓரமா வெச்சிடுவான். நீ இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதிக் குடேன், கையெழுத்து நான் போட்டுக்கறேன்."

"விடைத்தாள் கட்டு தலைக்கு மேல கெடக்குடா. நேரமே இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம எழுதித் தரேன்."

"சரி வாத்தியாரே" என்றாய். "அப்ப மீதி சாக்பீஸையாவது குடு."

பாதியாய் ஒடிந்திருந்த சாக்பீஸை உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். இரண்டு வரிகள். நின்ற இடத்திலேயே, பைக்கின் சீட்டில் தாளை வைத்து எழுதியிருக்கலாம்.

வியாழக்கிழமை, பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க நீ அதன் அடியில் ஏணி போட்டபோது, பிராக்கெட் முறிந்தது.

மருத்துவமனையில் உன் மனைவி மலர்க்கொடியிடம் உன் உடைமைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். சாவிக்கொத்து, மூக்குக் கண்ணாடி, பாதி சாக்பீஸ். கருமாதியன்று அவள் என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

"ண்ணா, இவரு பாக்கெட்ல எதுக்குண்ணா சாக்பீஸு?"

"தெரியலம்மா" என்றேன்.

நீ அன்று மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் கேட்ட கேள்விக்கு, இத்தனை ஆண்டுகள் கழித்து நான் சொன்ன பதில் அதுதான்.

நிர்வாகத்தின் அறிக்கையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். "பிராக்கெட்டின் நிலை குறித்து நிர்வாகத்திற்கு எவ்விதத் தகவலும் அளிக்கப்படவில்லை. பணியாளர் அனுமதியின்றி இயந்திரத்தின் அடியில் சென்றுள்ளார். அவரது கவனக்குறைவே விபத்திற்குக் காரணமாகும்." இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. உன் வீட்டு வாசலில் ஆள் உயர மலர்வளையம் வைத்தவர்களே அதையும் எழுதினார்கள். நஷ்டஈட்டுக்கான முதல் விசாரணையில், மலர்க்கொடிக்குத் துணையாகப் போயிருந்த என் பக்கம் மேலாளர் சாய்ந்து, "தங்கமான மனுஷன் சார். என்ன, கொஞ்சம் அவசரக்காரர்" என்றார். ஒரு சிறகின் பசை காய்வதற்காக ஒரு பகல் முழுவதும் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்த உன்னை அவசரக்காரன் என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சினம் இன்றுவரை சூடாகவில்லை, ஆறவுமில்லை. அதில் பாதி யாருக்கு உரியது என்பதும் எனக்குத் தெரியும்.

நீ சொன்னாய் என்பதற்கு அவர்களிடம் காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தை எழுதாமல் விட்டவன் நான். உன் பெயரின் மேல் கிடக்கும் 'கவனக்குறைவு' என்ற அந்தச் சொல்லை எடுக்க வேண்டுமென்றால், நான் அதைச் சொல்லியாக வேண்டும். மலர்க்கொடிக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். ஏழு மாதங்கள் தள்ளிப்போட்டது இதைத்தான்.

போன வாரம் நெல்லித்தோப்பில் உன் வீட்டுக்குப் போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞாயிறு நடந்ததையும், நீ கேட்டதையும், நான் மறுத்ததையும், சாக்பீஸ் எதற்கென்று எனக்குத் தெரியும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கையிலிருந்த காம்பு மொட்டையாகும்வரை அவள் நிமிரவில்லை.

"ஏழு மாசமா இத வயித்துல வெச்சிக்கினுதான் எங்கூட்ல காப்பி குடிச்சீங்களா?"

"ஆமாம்மா."

என் கண்கள் கலங்கியதைப் பார்த்தாள். இரங்கவில்லை. இரங்காததற்கு நான் நன்றியுடையவன்.

"அழுவாதீங்க. அவருக்கு எழுதித் தரேன்னு சொன்னீங்க இல்ல? அத எழுதுங்க மொதல்ல."

விசாரணைக்கான வாக்குமூலமாக எழுதினேன். நீ கேட்டது இரண்டு வரி. நான்கு பக்கம் வந்திருக்கிறது. அன்று நான் கிளம்பும்போது அவள் பரண்மேல் தேடி, உன் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அடியில் நான்கு விரல் மிச்சமிருந்தது.

அடுப்பில் சுட்ட சைலன்சரை அரம் போட்டுச் சுத்தம் செய்து, இன்று நெல்லித்தோப்பு வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆர்கான் வாயு வைத்துக் காதைப் பற்றவைத்த தம்பி, "பஃப் போட்டு சில்வர் அடிச்சிடட்டா சார்? வெல்டிங் போட்டதே தெரியாது" என்றான். வேண்டாம், தெரிய வேண்டும் என்று சொல்லி வாங்கி வந்தேன். அழகான வேலை அல்ல. புழு ஊர்ந்ததுபோல் ஒரு தழும்பு.

புதன்கிழமை மறுவிசாரணை. அவர்களுடைய வழக்கறிஞர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "நான்கு நாட்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். இதே பாடத்தை நடத்துகிறவர் நீங்கள். ஏன் எழுதிக் கொடுக்கவில்லை?" நினைவில்லை என்று சொல்லிவிடலாம் என்று சட்டம் படித்த நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன் என்பதுதான் பதில். அதை அப்படியே பதிவு செய்துகொள்ளட்டும். மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, உன் பாட்டிலிலிருந்து மண்ணெண்ணெயை ஊற்றிச் சைலன்சரைத் தோய்த்தேன். துடைத்தேன். சாக்பீஸை ஒடித்துப் பாதியைப் பொடித்துத் தூவினேன். நீ வழக்கமாகக் காத்திருப்பதுபோல் அரை மணி நேரம் காத்திருந்தேன். எந்தக் கோடும் தெரியவில்லை. பொடி வெள்ளையாகவே இருந்தது.

மீதிப் பாதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புதன்கிழமையும் இதே சட்டைதான்.