நீங்கள் வராத வீடு

அக்கா,

இன்று காலை உறையூரில் ஒரு காலி வீட்டுக்குள் நின்றேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்புதான் வந்தது. நாம் சேர்ந்து ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் இதே வாடை.

மலைக்கோட்டை ஜவுளிக்கடையில் வாரம் ஆறு நாள் நின்றே வேலை பார்ப்போம். லீவு நாளில் வீடு தேடுவோம். உங்கள் பேரைச் சொன்னதுமே சிலர் கதவைச் சாத்தினார்கள். என் பேரில் ஒன்றும் தெரியாது, அதனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுச் சாத்தினார்கள். பாலக்கரையில் அடுத்தடுத்து இரண்டு போர்ஷன் காலியாக வைத்திருந்த ஒருவர் உங்களுக்கு மட்டும் தருவதாகச் சொன்னார். "அந்தப் பொண்ணு எஸ்.சி.ங்க, பக்கத்து போர்ஷன்ல வச்சா மத்தவங்க பேசுவாங்க" என்றார். "அப்ப எனக்கும் வேணாங்க" என்று சாவியை அவரிடமே கொடுத்துவிட்டீர்கள். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த எனக்கு டீ வாங்கித் தந்தீர்கள்.

மூன்று மாதம் கழித்து எனக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் சாதியைக் கேட்கவில்லை, தானாக ஒன்றை நினைத்துக்கொண்டார். "உங்ககூட வந்தாங்களே, பாய் வீட்டம்மா, அவங்க மட்டும் இங்க வந்து போக வேணாம்" என்றார். நான் "சரிங்க" என்றேன். கைக்குழந்தையோடு அலைந்து ஓய்ந்துபோயிருந்தேன். உங்களைப் போல் சாவியை நீட்டத் துணிச்சலும் வரவில்லை.

உங்களிடம் சொன்னபோது, "பரவால்லடி, ஒருத்திக்காவது கிடைச்சுதே" என்றீர்கள். அதன்பிறகு ஏழு வருஷம், நீங்கள் போய்ச் சேரும்வரை, நோன்புக் கஞ்சித் தூக்கைத் தெருமுனையில் நின்றே கொடுத்தீர்கள்.

உங்களுக்குப் பிறகு வெளியூரில் பாட்டி வீட்டில் இருந்த உங்கள் மகளுக்கு இப்போது திருச்சியில் வேலை. அவளுக்கும் வீடு தர ஆளில்லை. என்னோடு இருக்கட்டும் என்று வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "முதல்லயே பேசினோமேம்மா" என்றார். "நாங்க எஸ்.சி.தாங்க" என்றேன், அவர் கேட்காமலே. மாசக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். இதில் வீரம் ஒன்றும் இல்லை, அக்கா. இதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

உறையூர் வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் உங்கள் மகள் கேட்டாள்: "ஸ்ரீரங்கம் வீட்டு மாடிப்படி அவ்வளவு செங்குத்தா சின்னம்மா? முட்டி வலியோட ஏற முடியல, அதான் உங்க வீட்டுக்குப் போறதில்லன்னு அம்மா சொல்வாங்க."

நாங்கள் குடியிருப்பது கீழ்வீட்டில் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.