ஷெல் காணாத காலில் ஏற்றப்பட்ட மச்சை

அனுப்புநர்:
அ. மீராசாகிபு,
விஞ்ஞான ஆசிரியர்,
நீராவிப்பிட்டி, முல்லைத்தீவு.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
வவுனியா.

பொருள்: பயொப்சி (திசுப் பரிசோதனை) செய்யாமல் என் மகளின் எலும்புக்குள் மூலக்கலங்கள் ஏற்றப்பட்டமை

மதிப்புக்குரிய ஐயா,

1. என் மகள் ஸஹ்றாவுக்கு வயது பதின்மூன்று. ஜனவரியில் அவளது இடது முழங்காலுக்கு மேலே வீக்கம் கண்டது. வவுனியாவில் தனியார் சிகிச்சை நிலையம் நடத்தும் எலும்பு வைத்தியர் பரமேஸ்வரன், எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்ததைப் பார்த்துவிட்டு, போரில் பட்ட பழைய ஷெல் குண்டின் துண்டு இருந்த குழி என்றார். வன்னிப் பிள்ளையின் கால் வீங்கினால் இங்கே வேறு கேள்வி எழுவதில்லை.

2. ஐயா, இவள் ஷெல்லே கண்டதில்லை. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் நாங்களும் புலிகளால் துரத்தப்பட்டோம். இவள் புத்தளத்து முகாமில் பிறந்தவள். சண்டை ஓய்ந்தபின், 2003இல்தான் எங்கள் ஊரை முதன்முதலில் பார்த்தாள். துரத்தியது போதாதென்று, நாங்கள் படாத காயத்தையும் எங்கள் பிள்ளையின் காலில் எழுதிவிட்டார்கள். இதைச் சொன்னபோது வைத்தியர், "மாஸ்டர், நீங்கள் வகுப்பிலை படிப்பியுங்கோ, எலும்பை எங்களிட்டை விடுங்கோ" என்றார். தாதியர் சிரித்தனர்.

3. மார்ச்சில் அவளது இடுப்பெலும்பிலிருந்து மச்சையை, அதாவது எலும்பு மஜ்ஜையை உறிஞ்சி, அதிலுள்ள மூலக்கலங்கள் (ஸ்டெம் செல்கள்) புது எலும்பாக வளரும் என்று சொல்லி அந்தக் குழிக்குள் ஏற்றினார். வீக்கம் இரட்டித்தது. புத்தளத்தில் அவளைப் பார்த்த வைத்தியர் எலும்புப் புற்றுநோய் எனச் சந்தேகித்து, கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்.

4. வகுப்பில் படிப்பிப்பவன் என்பதால் வவுனியா இன்ரநெற் கடையில் இருந்து நானும் படித்தேன். மூலக்கலங்கள் காயத்தின் அழைப்புக்கு ஓடிப்போய் எலும்பைச் சீராக்குபவை. புற்றுக்கலங்களும் காயத்தைப் போலவே அழைக்கின்றன. வந்து சேரும் மூலக்கலங்களைத் தம் பக்கம் இழுத்து, புற்று வளரவும் பரவவும் அவற்றையே துணையாக்கக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சில ஆய்வுகளில் அவை புற்றைத் தடுத்தும் இருக்கின்றன. வீக்கத்துக்கு அந்த மச்சைதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. உலகமே இன்னும் முடிவுகட்டாத ஒன்றை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே என் மகளுக்கு ஏற்றினார் என்கிறேன்.

5. இப்போது இரண்டாம் தடவைக்கு வரச் சொல்கிறார். நான் சம்மதக் கையொப்பம் இடவில்லை, இடவும் மாட்டேன். முதல் தடவை எதை, எவ்வளவு, எங்கே ஏற்றினார் என்று எழுதித் தரவும் மறுக்கிறார். காலைக் காப்பாற்றலாமா, காலை எடுத்துப் பிள்ளையையாவது காப்பாற்றலாமா என்று முடிவெடுக்கவிருக்கும் கொழும்பு வைத்தியர்களுக்கு அந்த விபரம் வேண்டும்.

அதை உடனே பெற்றுத் தாருங்கள். பயொப்சி பார்க்காமல் இன்னொரு பிள்ளைக்கும் அவர் மச்சை ஏற்றாதபடி தடுங்கள். தயவாக அல்ல, உரிமையாகக் கேட்கிறேன். விபரம் வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறேன்.

ஸஹ்றா தன் பாடசாலைச் சப்பாத்து இரண்டையும் பையில் வைத்திருக்கிறாள். இடது சப்பாத்தை நான் வெளியே எடுக்கவில்லை.

இங்ஙனம்,
அ. மீராசாகிபு
(ஸஹ்றாவின் தகப்பன்)

இடம்: நீராவிப்பிட்டி
திகதி: 2005.05.12