அகலவாய்க் கொத்து

கிளுவங்காட்டுத் தோட்டம்,
பெருமாநல்லூர் வழி,
3-10-2004

அன்புள்ள சின்னத்தாய்க்கு,

மயிலாத்தாள் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ வேலம்பாளையத்தில் ஏதோ பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போவதாக, நம் தோட்டத்துக்கு ஆள் கூட்டி வரும் கிட்டுசாமி சொன்னான். விலாசமும் அவன்தான் கொடுத்தான். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். உன் வாசலில் வந்து நிற்கத் தைரியமில்லாமல்தான் காகிதத்தைத் தேடினேன்.

நடந்தது உனக்குத் தெரியும். என் கையால் ஒரு தரம் எழுதிவிடுகிறேன். மஞ்சளுக்கு ஆடிக் களை எடுக்க, டவுனுக்குப் போய்ப் பதினெட்டு அகலவாய்க் களைக்கொத்து வாங்கி வந்தேன். நீளப் பிடி, குனியவே வேண்டாம், நாலு நாள் வேலை ரெண்டு நாளில் முடியும் என்று கடைக்காரன் சொன்னதை அப்படியே நம்பினேன். நீ ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அம்மா, இது வரப்புச் செதுக்கத்தான் லாயக்கு. மஞ்சளுக்கு மூணு விரல் அகலம் போதும். குனிஞ்சுதாம்மா கொத்தணும். இதை ஓங்குனா கெழங்குல போய் விழும்."

நான் என்ன சொன்னேன்? "நாலு தலைமொறையா மஞ்ச வெக்கற காடு இது. தெக்க பருத்திக் காட்டுல கொத்துன கையி எனக்குச் சொல்லித் தருதாக்கும்!" பெண்கள் சிரித்தார்கள். முதல் வரிசைப் பார் பிடித்து எல்லாருக்கும் முன்னால் போகிறவள் நீ. அந்தக் கொத்தையே எடுத்துக்கொண்டு போனாய்.

புரட்டாசி மழையில் இலை பழுத்துவிட்டது. இரண்டாம் களையன்று எங்க ஊட்டுக்காரர் வந்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். கிழங்கு வெட்டுப்பட்டு அழுகியிருந்தது. "ஏம்புள்ள, இதாரு வேலை?" என்றார். இந்த வருஷம்தான் அவர் டவுனில் தன் கம்பெனியே கதியென்று கிடந்து, தோட்டத்தை என் பொறுப்பில் விட்டிருந்தார். என் தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. கையை நீட்டி உன்னைக் காட்டினேன். "தெக்கத்திக் கையி, ஆழமா எறங்கீருச்சுங்க. சொன்னாக் கேக்கறதில்லீங்க." அவர் உன்னைக் கொத்தைக் கீழே போட்டுவிட்டுப் போகச் சொன்னார். பாதிப் பாரில் போட்டுவிட்டு நடந்தாய்.

அந்த மீதிப் பாரை இன்றைக்கு வரை ஒருத்தியும் தொடவில்லை. முன்னால் முடித்தவள் பின்தங்கினவளுக்குக் கை கொடுப்பதுதானே வழக்கம்? உன் பாரை மட்டும் விட்டுவிட்டார்கள். கோரை முழங்கால் உயரம் நிற்கிறது. அந்தப் பக்கம் போகவே கூசுகிறது.

தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள். திரும்பி வா.

மயிலாத்தாள்


வேலம்பாளையம்,
11-10-2004

மயிலாத்தாள் அம்மாவுக்குச் சின்னத்தாயின் வணக்கம்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் ஆஷா எழுதுகிறாள். மூன்று வருஷம் உங்கள் காட்டில் கொத்தினேன், எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

உங்கள் கடுதாசியை இவள்தான் சத்தமாக வாசித்தாள். இடுப்பு வலி, அதனால் தோட்ட வேலையை விட்டேன் என்று இவளிடம் சொல்லி வைத்திருந்தேன். கையை நீட்டிக் காட்டினேன் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் நல்லதை நினைத்துத்தான் எழுதினீர்கள். ஆனால் காட்டோடு போயிருந்த மானக்கேடு இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். என் முகத்தில் கரி பூசினது எல்லார் முன்னாலும். துடைக்கிறதை மட்டும் ஏனம்மா ஒட்டின கவருக்குள் செய்கிறீர்கள்?

இங்கே எனக்குக் குறையில்லை. கத்தரி பிடித்துக் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கோரையை அப்படியே விடாதீர்கள். மேலே சீவினால் நாலாம் நாள் முளைத்துவிடும். ஈரம் இருக்கும்போது சின்னக் கொத்தின் முனையால் பக்கவாட்டில் நெம்பி, கிழங்கோடு எடுக்கச் சொல்லுங்கள்.

சின்னத்தாய்
(எழுதியது ஆஷா)


கிளுவங்காட்டுத் தோட்டம்,
21-10-2004

அன்புள்ள சின்னத்தாய்க்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து தெரியுமா என்றுகூட யோசிக்காத மனுஷி நான்.

நேற்று மூன்றாம் களை. மூணு விரல் அகலத்தில் பட்டறையில் சொல்லி அடித்த கொத்து. வேலை தொடங்குமுன் ஊட்டுக்காரரையும் வரச் சொல்லி வரப்பில் நிற்க வைத்தேன். எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு வாயாலேயே சொன்னேன்: "கெழங்க வெட்டுனது நான் வாங்கியாந்த கொத்துங்க. வேண்டாம்னு சொன்னவ சின்னத்தாயி. அவ மேல பழியப் போட்டவ நானுங்க. அவ மேல ஒரு தப்புமில்லீங்க."

அவர், "அதெதுக்கு இப்பப் போயி" என்று முனகிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதோடு என்னிடம் பேச்சில்லை. களையெடுக்க வந்தவர்களில் பொன்னுச்சாமி பெண்சாதிதான், "அன்னிக்கி நாங்களும் வாயத் தொறக்காம நின்னமுங்களே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் எல்லாரும் குனிந்தார்கள்.

உன் பாரில் நானே இறங்கினேன். பத்தடி போவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது, பெண்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். மீதி கிடக்கிறது.

இனிமேலாவது வருவாயா?

மயிலாத்தாள்


வேலம்பாளையம்,
30-10-2004

அம்மாவுக்கு,

உங்கள் கடுதாசியை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். நான் கேட்டதைச் செய்துவிட்டீர்கள். சந்தோஷப்பட வேண்டியவள், எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஷா, "இது எதுக்கும்மா, விடேன்" என்கிறாள். எழுதுடி என்று உட்கார வைத்திருக்கிறேன்.

ஆடிக் களையில், முதல் பாரில் மூன்றாவது வெட்டிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. மண்ணில் விழுகிற சத்தம் வேறு, கிழங்கில் விழுகிற சத்தம் வேறு. மஞ்சள் வாசம் மூக்கில் ஏறியது. அப்போதே நிறுத்தி உங்களைக் கூப்பிட்டிருந்தால் பத்துச் செடியோடு போயிருக்கும். நீங்கள் பேசின பேச்சு எனக்கு எரிந்துகொண்டிருந்தது. நாலு தலைமுறை பார்த்தவர்கள் இதையும் பார்க்கட்டும் என்று வெட்டிக்கொண்டே போனேன். முன்னால் போகிறவள் நான்தானே? என்னைப் பார்த்துத்தான் மற்ற பதினேழு பேரும் ஓங்கினார்கள். ரெண்டு நாள் முழுக்க.

நீங்கள் கையை நீட்டினபோது நான் வாய் திறக்காமல் போனது பயத்தால் இல்லை. பொய் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை மறைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் துடைக்கச் சொல்லி வீராப்பாக உங்களிடம் கேட்டேன். ஒரு தப்பும் இல்லாதவள் என்று என்னைச் சொல்லி, என் பங்கையும் சேர்த்து நீங்களே ஏற்றுக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நினைக்க நினைக்கக் கூனிக்குறுகிப் போகிறேன்.

இந்தக் கடுதாசியை அந்தப் பெண்கள் முன்னால் வாசியுங்கள். ஐயாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள், ஒரு வரி விடாமல். கேட்ட பிறகும் அவர்கள் வா என்று சொன்னால், வருகிறேன்.

சின்னத்தாய்
(எழுதியது ஆஷா)